ஒண்ணாம் நம்பர் பஸ்ஸும் ஒரு மெரூன் பையும்

என் கைப்பைக்குள் ஒரு சின்னப் பை இருந்தது. நகைக்கடையில் தோடு வாங்கினால் ஜிப் வைத்துக் கொடுப்பார்களே, அந்த மெரூன் கலர் பை. அதற்குள் அம்மாவின் மாத்திரை அட்டையிலிருந்து கத்தரித்து எடுத்த ரெண்டு சார்பிட்ரேட் (நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை), ஒரு ஓஆர்எஸ் பாக்கெட், மோந்து பார்ப்பதற்கு ஒரு எலுமிச்சம்பழம், பள்ளிவாசலில் ஓதிக் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு, நாலாக மடித்த ஈசிஜி ஜெராக்ஸ், வீட்டுக்காரர் நம்பரும் என் ரத்த வகையும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. கூடவே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். இதெல்லாம் இல்லாமல் எட்டு மாதம் நான் வீட்டுப் படி இறங்கியதில்லை. கடைசி மாதங்களில் இதெல்லாம் இருந்தும் இறங்கவில்லை.

எனக்கு வந்த படபடப்பையும் பயத்தையும் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுதுவதற்குக் காரணம், இதே மாதிரி ஒரு பையை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று இப்போது எனக்குத் தெரியும்.

நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். வேலை தில்லைநகரில், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 2022 ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி காவிரியில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனது, திருச்சிக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு ஜனங்கள் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து வெள்ளம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏறிய ஒண்ணாம் நம்பர் பஸ் பாலத்தின் நட்ட நடுவில் போய் நின்றுவிட்டது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. திடீரென்று நெஞ்சு ஒரு குதி குதித்தது, அப்புறம் நிற்கவே இல்லை. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊறுகிறது, வாய் ஒட்டிக்கொள்கிறது, பக்கத்தில் பேசுகிறவர்களின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது. அப்பா 44 வயதில் நெஞ்சுவலியில் போனவர். எனக்கு அப்போது 41. இதுதான் அது, பாலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூடத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல வரவில்லை. கண்டக்டர் ஓடத்துறையில் இறக்கிவிட்டு, ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், ஒரு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள், தைராய்டு பார்த்தார்கள், ஹீமோகுளோபின் பார்த்தார்கள். எல்லாம் சரி. "கேஸ்தாம்மா, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் ஐந்து ஈசிஜி, வேறு வேறு இடத்தில். இதயத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்துக்கொள்வது அவசியம், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் நல்லபடியாக வந்த ரிப்போர்ட் எனக்கு ஒரு ராத்திரிக்குத்தான் தாங்கியது. மறுநாள் காலை, நேற்று எடுத்தபோது சரியாக இருந்தது, இன்றைக்கு எப்படியோ என்று ஆரம்பித்துவிடும்.

அம்மா "பயந்த கோளாறுடி" என்றார். சின்ன வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு போன அதே பள்ளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள், வாசலில் குழந்தையோடு நிற்கிற எல்லா அம்மாக்களுக்கும் ஊதிவிட்டுப் போவார்களே, அந்த வரிசையில் நானும் நின்றேன். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யார் எவர் என்று கேட்காமல் ஒரு பெரியவர் தலையில் கை வைத்து ஊதியது அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கத்தைக் கொடுத்தது. அம்மா சொன்ன பெயரும் சரியான பெயர்தான். டாக்டர்கள் சொல்லாத ஒன்றை, இது பயம் என்பதை, முதலில் சொன்னது அம்மாதான்.

அதற்கப்புறம் ஒரு கவுன்சிலரிடம் போனேன். யார், எங்கே என்பது வேண்டாம். நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் அவர் பேசினார். பாசிடிவ்வாக யோசிக்க வேண்டும், வீட்டில் உட்காராமல் கோலம், தையல் என்று ஏதாவது செய்ய வேண்டும், உங்களை விடக் கஷ்டப்படுகிறவர்களைப் பாருங்கள் என்றார். கிளம்பும்போது கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னார். மூடினால் இதயம் அடிப்பது இன்னும் பெரிதாகக் கேட்டது. தெரபி என்றால் இதுதான், இது எனக்கு ஆகாது என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த ஒரு முடிவு எனக்கு அரை வருஷத்தைத் தின்றது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு ஆள் சரிப்படவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், தெரபியையே விட்டுவிடாதீர்கள்.

அந்த அரை வருஷத்துக்கு எனக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பராமரிப்பு வேலைக்காக மூடினார்கள். பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போனது. எல்லாரும் சலித்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அப்படி ஒரு நிம்மதி. "பாலம் இல்ல சார், வீட்டுலேருந்தே பார்த்து அனுப்பிடறேன்" என்றேன், ஆடிட்டரும் ஒத்துக்கொண்டார். முதலில் பாலம் வேண்டாம் என்று இருந்தது, அப்புறம் பஸ்ஸே வேண்டாம், அப்புறம் வெயில் நேரம் வேண்டாம், அப்புறம் கீழச்சித்திரை வீதியைத் தாண்டி வேண்டாம் என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. மாசி மாதம் வாசலில் காய்கறி வண்டி வந்து நின்றபோது, பத்தடி தள்ளி நின்ற அந்த வண்டிக்குப் போக அந்த மெரூன் பையை எடுக்க உள்ளே திரும்பினேன். அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. 2023 மார்ச்சில் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். இனி யாரிடமும் சொல்லச் சாக்கு இல்லை.

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10-ல் ஆரம்பித்த மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் என்னை அவசரப்படுத்தவில்லை. "இப்போ எங்கே உட்கார்ந்திருக்கீங்க, கால் தரையில இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம், காசு கிடையாது என்று சொன்னார். என் ஊரிலேயே இருக்கிற விஷயம், எனக்குத் தெரியவில்லை.

போனேன், வீட்டுக்காரரோடு, ஆட்டோவில், கண்ணை மூடிக்கொண்டு பாலத்தைத் தாண்டி. மனநல மருத்துவர் வேறு, தெரபி தரும் உளவியலாளர் வேறு என்பது அங்கேதான் புரிந்தது. மாத்திரை எழுதுகிறவர் மருத்துவர். உட்கார்ந்து பயிற்சி கொடுக்கிறவர் மருத்துவ உளவியலாளர், அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணை நாம் தாராளமாகக் கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் அந்த இடம் வேண்டாம். எனக்கு ரெண்டும் தேவைப்பட்டது. எஸ்சிடாலோபிராம் என்ற பதட்டத்தைக் குறைக்கிற மாத்திரையை ஆரம்பித்தார்கள். முதல் பத்து நாள் படபடப்பு கூடினாலும் கூடும், பலன் தெரிய மூன்று நாலு வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர் மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் ஐந்தாவது நாளே அட்டையைக் குப்பையில் போட்டிருப்பேன். சார்பிட்ரேட் விஷயத்தைக் கேட்டதும் மட்டும் கடுமையாகிவிட்டார். ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்குகிற மாத்திரை, அம்மாவுக்கு எழுதியதை நீங்கள் நாக்கில் வைத்தால் அதனாலேயே மயங்கி விழுவீர்கள் என்றார்.

தெரபிஸ்ட் என்னை விடப் பத்து வயதாவது சின்னவர். முதல் நாள் நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, "நாம ஒரு நிமிஷம் வேகமா மூச்சு விடலாமா, நானும் கூட விடறேன்" என்றார். வேண்டாம் மேடம் என்றேன். காத்திருந்தார். சரி என்று ரெண்டு பேரும் நாய் இரைக்கிற மாதிரி மூச்சு விட்டோம். நாற்பது விநாடி ஆகியிருக்காது, விரல் நுனியில் அதே எறும்பு. தலை அதே மாதிரி லேசாகிறது, வாய் அதே மாதிரி ஒட்டுகிறது. பாலத்தில் வந்த எல்லாமே அந்த நாற்காலியில் வந்து நின்றது. நான் அவரைப் பார்த்தேன், அவர் தன் விரல்களை உதறிக்கொண்டே, "எனக்கும் மரத்துப் போச்சு" என்றார்.

ஒன்பது மாதம் நான் பயந்த ஒன்றை இன்னொரு மனுஷி சும்மா உட்கார்ந்த இடத்தில் வரவைத்துக் காட்டினார். பயத்தில் மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் மரத்துப்போவதும் கிறுகிறுப்பும் என்று படம் போட்டு விளக்கினார். அட்ரினலின் ஏறும்போது ரத்த அழுத்தம் பெரும்பாலும் கூடத்தான் செய்யும், அதனால் இந்தப் படபடப்பில் மயங்கி விழுவது அபூர்வம் என்றார். நீங்கள் எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன், ஒரு தடவை கூட இல்லை. ஆனால் தினமும் விழப்போகிறேன் என்று வாழ்ந்திருக்கிறேன்.

இந்த முறைக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று பெயர், சுருக்கமாக சிபிடி. 1960-களில் அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் ஆரம்பித்து வைத்தது. எனக்குப் பெயரை விட வீட்டுப்பாடம்தான் ஞாபகம் இருக்கிறது. ஸ்டிரா வழியாக மூச்சு விடு, நின்ற இடத்தில் சுற்று, மாடிப்படியில் ஏறி இறங்கி நெஞ்சு அடிக்கிறபோது உட்காராமல் நில். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு, என்ன ஆகும் என்று பயந்தேன், எவ்வளவு பயம், 0-விலிருந்து 100-க்குள், நிஜத்தில் என்ன ஆனது என்று எழுது. முதல் பக்கம் இன்னும் இருக்கிறது. 'தெருமுனைக் கடை வரை பை இல்லாமல். நடுவழியில் விழுந்துவிடுவேன். 85.' மூன்றாவது கட்டத்தில், 'விழவில்லை. கொத்தமல்லி வாங்கினேன்.'

பையைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு ரொம்ப நாள் ஏறவில்லை. பாதுகாப்புக்கு என்று நான் வைத்திருந்ததெல்லாம் பயத்துக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. பத்திரமாக வீடு திரும்பினால் பையால்தான் திரும்பினேன் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது, எனக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதுவதில்லை. அதனால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சார்பிட்ரேட்தான் முதலில் போனது, அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன். ஈசிஜி ஜெராக்ஸைக் கிழிக்க மூன்று வாரம் ஆனது.

வீட்டுக்காரரையும் ஒரு நாள் வரச் சொன்னார். ராத்திரியில் நான் "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லங்க?" என்று கேட்பதும் அவர் "ஒண்ணும் ஆகாது, படு" என்பதும் இருபது தடவை நடக்கும். மனுஷர் ஒரு தடவை கூட எரிந்து விழுந்ததில்லை. அந்தப் பதில் கூட ஒரு மாத்திரை மாதிரிதான், வேலை செய்கிற நேரம் குறைந்துகொண்டே வரும் என்று தெரபிஸ்ட் அவருக்கு விளக்கினார். அதற்கப்புறம் நான் கேட்டால், "அதுக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, ஆனா நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்" என்பார். முதல் வாரம் அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. நாலாவது வாரம் நான் கேட்பதே குறைந்துவிட்டது.

இவ்வளவும் நடந்தும் பாலம் அப்படியேதான் நின்றது. நோட்டில் அதற்கு 100 போட்டிருந்தேன்.

எங்கள் சித்தப்பா பதினோரு வருஷமாக ஏஏ கூட்டத்துக்குப் போகிறவர். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற அந்த அமைப்பு 1935-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது, இன்றைக்கு நம் ஊர்களில் சர்ச் ஹாலிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழிலேயே நடக்கிறது. "டாக்டரு சொன்னப்ப எனக்குப் புரிஞ்சுச்சும்மா, ஆனா இன்னொரு குடிகாரன் சொன்னப்பதான் நம்பிக்கை வந்துச்சு. உனக்கும் அப்படி ஒரு கூட்டம் இருக்கான்னு கேளு" என்றார். பதட்டத்துக்கும் மனநோய்க்கும் அப்படிப்பட்ட குழுக்கள் புதுசில்லை, ஆபிரகாம் லோ என்ற மருத்துவர் 1937-லேயே சிகாகோவில் தொடங்கியிருக்கிறார். தெரபிஸ்டிடம் கேட்டேன். எங்கள் ஊரிலேயே ஒன்று, சனிக்கிழமை சாயங்காலம், ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பறையில் நடக்கிறது என்றார்.

முதல் நாள் நான் பேசவில்லை. ஒண்ணாம் கிளாஸ் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு எட்டுப் பேர். மனைவி போன பிறகு ராத்திரி வீட்டில் தனியாக இருக்க முடியாத ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். லிஃப்டில் ஏற முடியாமல் தினமும் நாலு மாடி நடக்கிற ஜவுளிக்கடைப் பெண். இதயத்தைப் பற்றிப் பாடமே படிக்கிற, ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தன் நாடியை எண்ணிக்கொண்டு கிடக்கிற நர்சிங் மாணவி. அப்புறம் ஒரு ஆட்டோ அண்ணன். அவர்தான் அன்றைக்குப் பேசினார். "நெஞ்சுக்குள்ள யாரோ ஆட்டோ ஸ்டார்ட் பண்ற லிவரை இழுத்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கும். வண்டியும் ஸ்டார்ட் ஆகாது, இழுக்கிறவனும் நிறுத்த மாட்டான்." நான் அழுதுவிட்டேன். ஒன்பது மாதம் டாக்டர்களிடம் சொல்லத் தெரியாமல் தவித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அங்கே யாரும் 'ஆங்சைட்டி' என்று சொல்வதில்லை. தூக்கிப்போடுது, வயித்தைக் கலக்குது, உசுரு பதறுது, உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. நம் பாஷையில் இதற்கு இத்தனை வார்த்தை இருக்கிறது, நான் தனியாக இருந்ததால் ஒன்று கூட ஞாபகம் வரவில்லை.

சில விதிகள் உண்டு. பெயர் மட்டும் போதும், ஊர், சாதி, வேலை சொல்ல வேண்டியதில்லை. போட்டோ கிடையாது. யாருடைய மாத்திரையைப் பற்றியும் இன்னொருவர் கருத்துச் சொல்லக் கூடாது. இங்கே கேட்டது இங்கேயே. இன்னொரு விதி நடுவில் சேர்ந்தது. குழுவுக்கு ஒரு வாட்ஸாப் இருந்தது, அதில் யாராவது முப்பது வயதுக்காரர் ஜிம்மில் சரிந்தார் என்று செய்தி அனுப்புவார்கள், அன்றைக்கு ராத்திரி எட்டுப் பேருக்கும் தூக்கம் போகும். ஒருவர் தனக்கு இடது தோளில் வலி என்று எழுதினால் மறுநாள் மூன்று பேருக்கு இடது தோள் வலிக்கும். குழு என்றாலே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அறிகுறியை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிற குழு ஆளை இன்னும் உள்ளே இழுத்துவிடும். நாங்கள் செய்திகளை அனுப்பக் கூடாது என்று நிறுத்திவிட்டு, இந்த வாரம் என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை பாலத்தைப் பற்றிச் சொன்னேன். யாரும் அறிவுரை சொல்லவில்லை. தலைமையாசிரியர் மட்டும், "நாளைக்கு வெள்ளெனப் போய் நின்னு பார்ப்போமா?" என்றார். காலை ஐந்தரைக்கு மாம்பழச்சாலைப் பக்கம் அவரும் ஆட்டோ அண்ணனும் வந்து நின்றார்கள். பாலத்தின் நீளம் அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அன்றைக்குப் பாலத்தின் முதல் தூணைத் தாண்டி நின்றேன், அங்கேயே. படபடப்பு வந்தது. ஓடக் கூடாது, சாமி பெயர் சொல்லி அடக்கவும் கூடாது, அதுவாக ஏறி அதுவாக இறங்கட்டும் என்பதுதான் வீட்டுப்பாடம். அண்ணன் பேச்சுக் கொடுக்கவில்லை, பேசி என் கவனத்தைத் திருப்பக் கூடாது என்று தெரபிஸ்ட் சொன்னதை நான் சொல்லி வைத்திருந்தேன். மூன்று பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வற்றிக் கிடந்த மணலில் ரெண்டு பேர் துணி துவைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும், 95-லிருந்து 40-க்கு இறங்கியதைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பாதிப் பாலம். அதற்கடுத்து முழுசும். அப்புறம் நான் மட்டும். அப்புறம் ஆட்டோவில் கண்ணைத் திறந்துகொண்டு. ஜூலை கடைசியில் ஒண்ணாம் நம்பர் பஸ், ஜன்னலோரம், பையில்லாமல், பாட்டில் மட்டும் மடியில். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அப்படியே ஆபீஸுக்கு நடந்தேன், ஆடிட்டர் "வாங்கம்மா, ஆர்-1 ஃபைலிங் கிடக்கு" என்றார்.

மாத்திரையை ஒன்றரை வருஷம் சாப்பிட்டேன், டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். தெரபி வாரம் ஒன்று என்று பதினாறு தடவை, இப்போது தேவைப்பட்டால் மட்டும். வெளியில் தனியாகப் பார்த்தால் ஒரு தடவைக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேலும் கேட்கிறார்கள், எல்லாராலும் முடியாது, அதனால்தான் அரசு மருத்துவமனையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். உடல் நோய்க்குக் கொடுக்கிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது.

படபடப்பு இன்னும் வருகிறது. போன மாதம் சென்னையிலிருந்து திரும்பும்போது, விழுப்புரத்தில் ரயில் ரொம்ப நேரம் நின்றபோது வந்தது. மணி பார்த்துக்கொண்டேன், நோட்டு இல்லாததால் டிக்கெட் பின்னால் எழுதிக்கொண்டேன், 70, 60, 60, 35. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா முறுக்கு கொடுத்தார், சாப்பிட்டேன்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு இப்போதும் போகிறேன். நாலு வாரத்துக்கு முன்னால் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள், தண்ணீர் பாட்டிலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பள்ளி கேட்டைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. "உள்ள வரலன்னா பரவால்லையாக்கா?" என்றாள். வாசல் திண்ணையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளேயிருந்து தலைமையாசிரியர் ரெண்டு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் இருந்தாள், ஒன்றும் பேசவில்லை, டீயை மட்டும் குடித்தாள். அடுத்த வாரமும் வந்தாள், வாசலில்தான் உட்கார்ந்தாள். நானும்தான்.